வயிற்றுக் கதவு

தம்பி வீடு மேல் மாடியில். லிஃப்ட் கிடையாது. மில்லிமீட்டர் என்று பெயரெடுத்த அண்ணன் விசில் அடித்துக்கொண்டே படியேறினார். இதே படிகளில்தான் தம்பி பாதி தூரத்தில் உட்கார்ந்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இளைப்பாறுவான். அப்போதெல்லாம் அண்ணன் இரண்டு படி மேலே நின்று திரும்பிப் பார்த்து மூக்கால் ஒரு காற்று விடுவார்.

அந்தக் காற்றைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. "ஃப்ஹ்ம்." அவ்வளவுதான். வாயைத் திறக்கவே மாட்டார். யாராவது ஆசை ஆசையாக ஒன்றைச் செய்து கொண்டுவந்து காட்டினால், அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு மூக்கால் விடுவார். காட்டியவர் அதை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விடுவார். திட்டியிருந்தாலாவது திருப்பித் திட்டலாம். காற்றை என்ன செய்ய முடியும்?

கட்டப்போகிற குடியிருப்புகளை மேஜை அளவில் மாதிரியாகச் செய்து கொடுப்பது அவர் தொழில். மரம், கார், மொட்டை மாடியில் காயும் துணி வரைக்கும் இருக்கும். ஓரத்தில் அரை மில்லிமீட்டர் இடைவெளி தெரிந்தால் வேலையாட்களை அழவைத்துவிடுவார். அதனால் வந்த பெயர். முதுகுக்குப் பின்னால்தான் சொன்னார்கள். ஒருநாள் காதில் விழுந்தபோது அதைப் பட்டம் என்று எடுத்துக்கொண்டார். தலைக்கனம் ஏறியவனுக்கு வசவும் மாலையாகத்தான் விழும்.

தம்பி மனைவி கதவைத் திறந்தாள். "வாங்க மாமா."

உள்ளே பசை வாடை. அதற்கடியில் நெஞ்சுக்குத் தடவும் தைலத்தின் வாடை. தம்பி போய்ச் சேர்ந்து வாரங்கள் ஆகியும் அது அறையை விட்டுப் போகவில்லை. ஜன்னல் வழியாகப் பிற்பகல் வெயில் மேஜையில் விழுந்திருந்தது. மேஜை மேல் குதிரை நின்றது.

கன்றுக்குட்டி உயரம். வெள்ளை அட்டையைச் சின்னச் சின்ன முக்கோணங்களாக வெட்டி, மடித்து, ஓரத்தோடு ஓரம் ஒட்டிச் செய்தது. உள்ளே கம்பி இல்லை, கட்டை இல்லை. வெறும் கூடு. கழுத்தைத் திருப்பி வாசலையே பார்த்தது. பிடரி பாதியில் நின்றிருந்தது. ஒரு காதைக் காணோம். இடது கன்னம் மட்டும் உள்ளே ஒடுங்கிக் கிடந்தது.

"லைப்ரரியில குழந்தைங்க ஹாலுக்குக் கேட்டிருக்காங்க மாமா. அவர் பேர் போட்டு வைக்கிறேன்னு சொன்னாங்க. முடிச்சுக் குடுக்க எனக்கு வேற யாரையும் தெரியாது."

"ஃப்ஹ்ம்," என்று விட்டார் மில்லிமீட்டர். "காகிதம்! ஸ்கூல் பசங்க லீவுல பண்ற சமாச்சாரம். இதைப் போய் ஒருத்தன் ஆயுசு பூரா பண்ணிட்டிருந்தான்."

அவள் குதிரையின் முதுகில் தூசியைத் தட்டினாள். அந்தக் குடும்பத்துக்கு வாக்கப்பட்ட நாளிலிருந்து இதற்குப் பழகியிருந்தாள்.

ஆனாலும் அவர் ஒப்புக்கொண்டார். பாசத்தினால் என்று யாரும் கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டாம். லைப்ரரிக்கு நாலு பெரிய மனிதர்கள் வருவார்கள். அடிப்பலகையில் தம்பி பெயரைச் சின்னதாகவும் தன் பெயரைப் பெரிதாகவும் போட்டுக்கொள்ளலாம் என்று அப்போதே முடிவு செய்துவிட்டார்.

"ஒண்ணே ஒண்ணு மாமா," என்றாள். "வயித்துக்கு அடியில ஒரு கதவு விட்டிருக்காரு பாருங்க. அதை மட்டும் ஒட்டிடாதீங்க."

"ஏன்?"

"பசை ஈரம் உள்ளயே தங்கிட்டா அட்டை ஊதிக்கும்னு சொல்வாரு. எது செஞ்சாலும் ஒரு கதவு விட்டுடுவாரு." கொஞ்சம் தயங்கினாள். "அப்புறம்... அந்தக் கன்னம் ஒடுங்கிப் போச்சில்ல? வாயில ஸ்ட்ரா வெச்சு கதவு வழியா ஊதி நிமித்தப் பாத்தாரு. ஊதிட்டு இருந்தவரு அப்படியே மேஜை மேல சாஞ்சிட்டாரு. கடைசி மூச்சு அதுக்குள்ளதான் போச்சு மாமா. அதுக்கு வெளிய வர வழி இருக்கட்டும்."

மில்லிமீட்டரின் மூக்கிலிருந்து வந்த காற்றில் மேஜைமேல் கிடந்த அட்டைத் துணுக்குகள் பறந்தன.

தினமும் பிற்பகலில் வந்து வேலை பார்த்தார். முதல் நாள் முழுக்கக் குற்றம் தேடினார். கோணல், பசைக் கறை, பிசகிய மடிப்பு, எதுவும் அகப்படவில்லை. அது அவருக்குப் பெரிய எரிச்சலைக் கொடுத்தது. குற்றம் பார்க்கின் சுற்றம் இல்லை என்பார்கள். அவருக்குச் சுற்றம் ஏற்கெனவே இல்லை, இப்போது குற்றமும் இல்லை. கடைசியில் வயிற்றுக்கு அடியில் குனிந்து பார்த்தபோதுதான் முகம் மலர்ந்தது. உள்ளங்கை அகலக் கதவு. மூடினாலும் ஓரத்தில் ஒரு கோடு தெரிந்தது.

"முடிச்ச வேலையில இடைவெளியா?" என்று குதிரையிடமே கேட்டார்.

பிடரியை முடித்தார். காதை வைத்தார். கன்னத்தை நிமிர்த்த அந்தக் கதவு வழியே கையை விட்டார். முழங்கை வரை உள்ளே போனது.

உள்ளே வெதுவெதுப்பாக இருந்தது.

ஈரப் பசை சூடு கொடுக்காது என்பது அவருக்குத் தெரியும். மணிக்கட்டின் மேல் ஏதோ மெல்ல ஊர்ந்து போனது. நின்றது. மறுபடி ஊர்ந்தது. கையை வெளியே இழுத்தார். தைல வாடை அடித்தது.

"வெயில்ல நிக்குது, சூடா இல்லாம?" என்றார். கேட்க யாரும் இல்லை. தம்பி மனைவி உள்ளே சமையலில் இருந்தாள். கன்னம் ஒடுங்கியபடியே இருந்தது. அது போகட்டும் என்று பசையை எடுத்தார். கதவின் ஓரங்களில் தடவி, மூடி, கட்டைவிரலால் அழுத்தினார்.

கூடு செய்கிறவர்களுக்கு ஒரு கஷ்டம் உண்டு. கடைசி ஓரத்தை ஒட்டும்போது உள்ளிருந்து முட்டுக் கொடுக்க விரல் இருக்காது. வெளியே மட்டும் அழுத்தினால் அட்டை உள்ளே குழியும். மெதுவாகப் பிடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும்.

மில்லிமீட்டர் அழுத்தினார்.

அட்டை குழியவில்லை.

உள்ளேயிருந்து யாரோ அவர் விரலுக்கு நேராக விரல் வைத்து அழுத்தினார்கள்.

கையை எடுக்க நினைத்தார். எடுக்க முடியவில்லை. பசை பிடிக்கும்வரை இரண்டு விரல்களும், நடுவில் ஒரே ஒரு அட்டையோடு, அப்படியே இருந்தன. பிறகு "டப்" என்று ஒரு சத்தம். குதிரையின் இடது கன்னம் நிமிர்ந்துவிட்டது.

அன்று படியிறங்கும்போது பாதியில் அவருக்கு மூச்சு வாங்கியது. இறங்கும்போது! உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகுதான் அது தம்பி உட்காரும் படி என்று தெரிந்தது. அப்போதும் புத்தி வந்ததா? "காலையில சரியா சாப்பிடல," என்று சொல்லிக்கொண்டார்.

மறுநாள் கதவின் கோட்டை வெள்ளைப் பூச்சால் மறைத்துக்கொண்டிருந்தார். குதிரையின் விலாவில் வெயில் பட்டிருந்தது. அந்த வெளிச்சம் லேசாக நகர்ந்தது. மேகம் என்று நினைத்தார். வானத்தில் மேகம் இல்லை.

விலா ஏறியது.

இறங்கியது.

அடுத்து அவர் மூச்சை விட்டபோது அது ஏறியது. அவர் இழுத்தபோது அது இறங்கவில்லை. தனக்குள்ளேயே வைத்துக்கொண்டது.

இழுக்க இழுக்க நெஞ்சுக்குள் பாதிதான் வந்தது. மீதி எங்கே போகிறது என்று அவருக்கு நன்றாகவே தெரிந்தது. கை தானாகக் கத்தியை எடுத்தது. கதவின் ஓரத்தில் நுனியை வைத்தார். ஒரே இழுப்பு, தீர்ந்தது காரியம்.

"என்ன மாமா, கதவைத் திறக்கறீங்களா?"

தம்பி மனைவி தண்ணீர்ச் சொம்போடு நின்றிருந்தாள்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். அதைச் சொன்னால் அவள் சொன்னது சரி என்றாகும். தம்பி விட்ட கதவுக்கு அர்த்தம் இருந்தது என்றாகும். காகிதத்துக்கு அவரே பயந்தார் என்றாகும். உயிரா வறட்டு கௌரவமா என்று கேட்டால், மில்லிமீட்டருக்கு அது கேள்வியே இல்லை.

"அளவு... பாக்கறேன்," என்றார். கத்தியை மடக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

லைப்ரரியில் குதிரையை ஆள் உயரக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார்கள். அடிப்பலகையில் பெயர்கள் அவர் நினைத்த அளவிலேயே இருந்தன. காலை நேரம், ஹால் நிறைய குழந்தைகள், பெற்றவர்கள். மில்லிமீட்டரைப் பெட்டிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்திருந்தார்கள். முகம் அட்டை நிறத்தில் இருந்தது.

லைப்ரரியன் அம்மா மனதாரப் பேசினார். "உங்க தம்பிக்கு இருந்தது கை இல்ல சார், வரம். இவ்வளவு பெரிய கலைஞர் எங்க ஊர்லதான் இருந்தாருன்னே தெரியாமப் போச்சு."

தம்பியை, தன் காதுபட, ஊரைக் கூட்டி வைத்துப் புகழ்கிறார்கள். மில்லிமீட்டர் தலையைப் பின்னால் சாய்த்தார். வாயை மூடினார். மூக்கு விடைத்தது.

காற்று வரவில்லை.

இன்னொரு முறை முயன்றார். தோள் ஏறியது. ஒன்றும் வரவில்லை.

"ஃப்ஹ்ம்."

அது அவருக்குப் பின்னாலிருந்து, கண்ணாடிப் பெட்டிக்குள்ளிருந்து வந்தது.

தம்பி மனைவி ஓடிவந்து குனிந்தாள். "மாமா, கதவை ஒட்டிட்டீங்களா?" என்று காதோரம் கேட்டாள். "சொல்லுங்க. இப்பவே திறந்துடறேன்."

அவர் அவளைப் பார்த்தார். இல்லை என்று தலையசைத்தார். அதுதான் அவர் கடைசியாகச் செய்த காரியம்.

எல்லாம் முடிந்த பிறகு ஒரு நாள் அவள் லைப்ரரிக்குப் போய்ப் பெட்டியைத் திறக்கச் சொன்னாள். கையில் அவருடைய கத்தியே இருந்தது. குதிரைக்கு அடியில் படுத்து, வெள்ளைப் பூச்சைச் சுரண்டி, கதவை நாலு ஓரமும் கீறித் திறந்தாள்.

வெதுவெதுப்பாக ஒரு காற்று இறங்கி அவள் முகத்தில் பட்டது. தைல வாடை. நெற்றியில் கொஞ்ச நேரம் நின்றது, கூந்தல் இழை ஒன்றை நகர்த்தியது, போய்விட்டது. மேலே குதிரையின் இடது கன்னம் மெல்ல ஒடுங்கியது. அவள் தரையில் படுத்தபடியே வாய்விட்டு அழுதாள். அத்தனை நாளும் அழாத அழுகை.

லைப்ரரியன் அம்மா அவளைக் கைகொடுத்து எழுப்பி, பெட்டியைப் பூட்டினார். அங்கே நின்றிருந்த ஒரு குழந்தை, தான் செய்த காகிதப் பறவையைக் குதிரைக்கு நேராகத் தூக்கிக் காட்டியது.

"ஃப்ஹ்ம்."

குழந்தை பறவையைப் பின்னால் ஒளித்துக்கொண்டது. குதிரையின் மூக்குக்கு எதிரே, கண்ணாடியின் உள்பக்கம், ஒரு பிடி ஆவி படிந்திருந்தது.

தம்பி மனைவி குனிந்து பார்த்தாள். வயிற்றுக் கதவு நன்றாகத் திறந்து தொங்கியது. யார் வேண்டுமானாலும் வெளியே வரலாம். ஆனால் அது தம்பி விட்ட கதவு. அதன் வழியாக வருவதா, அவர்?

"கதவு திறந்துதான் இருக்கு மாமா," என்றாள் மெதுவாக.

கண்ணாடியில் ஆவி இன்னும் கொஞ்சம் பரவியது. வேறொன்றும் நடக்கவில்லை. அவள் நிமிர்ந்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக, வாயைத் திறக்காமல், மூக்கால் ஒரு காற்று விட்டாள். பிறகு குழந்தையின் பறவையை வாங்கி இறக்கையை நீவிக் கொடுத்துவிட்டு நடந்தாள்.

காலையில் துடைக்கிறார்கள். மதியத்துக்குள் ஆவி மறுபடி படிந்துவிடுகிறது. கதவை இன்றுவரை யாரும் ஒட்டவில்லை.