தித்திக்கும் பிரஷர்!

காலை பத்தே கால்.

போன் அலறியது!

அஞ்சனா உடனே எடுக்கவில்லை. இந்த அழைப்புக்காக ஒரு வருடமாகக் காத்திருந்தாள். 'உங்க வீட்டுக்காரர் விழுந்துட்டார்...' என்று யாராவது சொல்வார்கள். அவள் கதறி அழ வேண்டும். ஒத்திகைகூடப் பார்த்திருந்தாள்.

எடுத்தாள்.

"அஞ்சனா..."

கணவன் வாஞ்சிநாதனின் குரல்!



"உன் தம்பி விக்கி நம்ம மசாலா குடோன்ல விழுந்துட்டான். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினோம்... போயிட்டான்டீ."

ஒத்திகை பார்த்த அழுகை வரவில்லை. வேறு ஏதோ ஒரு சத்தம் வந்தது.

ஆறாம் நாள்.

கொச்சி மட்டாஞ்சேரி வீட்டின் மாடியறையில் எஸ்.ஐ. சிவராமகிருஷ்ணன் உட்கார்ந்திருந்தார். பாலக்காட்டுத் தமிழர். எதிரே வாஞ்சிநாதன். கதவோரம் அஞ்சனா.

"சேச்சி, விக்கிக்கு வயசு முப்பத்தொண்ணு. காஷுவால்டியில பிரஷர் இருநூத்திப் பத்து. தெரியுமோ?"

"தெரியாது சார்... 'கால்ல பலமே இல்லக்கா'ன்னு சொல்லிட்டிருந்தான்."

"எனக்கும் பிரஷர் உண்டு. சாதாரண ரகம். தொப்பை, சுகர், கொழுப்பு... குடும்பத்தோட வந்து குடியேறும்! ஆனா அது தன்னால ரத்தத்துல பொட்டாசியத்தைக் குறைக்காது. விக்கிக்குப் பாதியாக் குறைஞ்சிருக்கு. இதயம் நின்னுபோச்சு."

"அப்படின்னா சார்...?" என்றாள் அஞ்சனா.

"ஹார்மோன் பிரஷர்னு ஒரு ரகம். ஒரு சுரப்பி தாறுமாறா சுரக்கும். உப்பு உடம்புல தங்கும், பொட்டாசியம் ஒழுகிப்போகும். அதுதான்னு நினைச்சு டாக்டர் ரத்தத்தை டெஸ்டுக்கு அனுப்பினார். நேத்து ரிசல்ட் வந்தது. அந்த ஹார்மோன் ஏறக்குறைய இல்லவே இல்ல!"

மிளகு மூட்டை ஏற்றிய வண்டி ஒன்று தெருவில் கடந்துபோனது.

"வெளியிலேர்ந்து போன ஒண்ணு ஹார்மோன் வேஷம் கட்டியிருக்கு. அதிமதுரம், சேச்சி. மாசக்கணக்கா!"

அஞ்சனாவின் இடது மணிக்கட்டு வலித்தது. ஒரு வருடம் முன்பு வாஞ்சிநாதன் முறுக்கி ஒடித்த மணிக்கட்டு. 'பிரஷர்காரங்க அதிமதுரம் தொடக் கூடாது' என்று மருந்துக்கடையில் யாரோ சொன்னதை அப்போதுதான் மனதில் குறித்துக்கொண்டாள். மறுநாளிலிருந்து பிரஷர்காரனான அவனுடைய சுக்குக் காப்பியில் கருப்பட்டிக்குப் பதில் அதிமதுரம்... தினமும் ஒரு பிளாஸ்க்... குடோனுக்கு.

"குடோன்ல விக்கி என்ன குடிப்பான்?"

வாஞ்சிநாதன் பெருமூச்சு விட்டான்.

"இவ எனக்குக் கொடுத்து விடற சுக்குக் காப்பிதான் சாரே. எனக்கு சுகர். பாவம், பையன் குடிக்கட்டுமேன்னு அவனுக்கே ஊத்திக் கொடுத்துருவேன். டெய்லி."

டெய்லி!

அஞ்சனா கதவைப் பிடித்துக்கொண்டாள். தம்பியின் வாயில் அவளே ஊற்றியிருக்கிறாள்... ஒவ்வொரு காலையும்... அன்போடு மூடி திருகி!

எஸ்.ஐ.யின் செல்போன் சிணுங்கியது. "ஒரு நிமிஷம்." பால்கனிக்குப் போனார்.

வாஞ்சிநாதன் அவள் காதருகே குனிந்தான். சிரித்தான்.

"முப்பது வருஷமா மசாலா ருசி பாக்கற நாக்குடீ இது. அதிமதுரம் தெரியாதா? உனக்காக என் மேல கை ஓங்கினான்ல உன் தம்பி? அவன் போயிட்டான். அடுத்து நீ, ஜெயிலுக்கு!"

அவள் நிமிர்ந்தாள்.

"சார்!"

எஸ்.ஐ. திரும்பினார்.

"அதிமதுரம் போட்டது நான்தான். இவரைக் கொல்றதுக்கு. தெரிஞ்சேதான் இவர் என் தம்பிக்குக் கொடுத்திருக்கார்!"

"கேட்டேளா சாரே? அவளே ஒத்துக்கிட்டா! என் மேல பழி போடறா..."

"கேட்டேன்." செல்போனை அவன் முகத்துக்கு நேரே நீட்டினார். "ஆஸ்பத்திரி பைல் இப்பத்தான் வந்தது. ஏழு மாசம் முன்னாடி உங்களுக்கும் பொட்டாசியம் இறங்கியிருக்கு. 'அதிமதுரம் உயிருக்கு ஆபத்து, உடனே நிறுத்தவும்'னு டாக்டர் எழுதியிருக்கார்."

வாஞ்சிநாதனுக்கு வியர்த்தது. "நா... நான் நிறுத்திட்டேனே!"

"எங்க நிறுத்தினீங்க? கை மாத்தி விட்டுட்டீங்க!"

எஸ்.ஐ. செல்போனைச் சட்டைப் பைக்குள் போட்டார்.

"கல்யாணமாகி எத்தனை வருஷம்?"

"பதினொண்ணு..." என்றாள் அஞ்சனா.

எஸ்.ஐ. தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"பதினோரு வருஷத்துல ரெண்டு பேரும் ஒத்துமையா செஞ்ச ஒரே காரியம் இதுதான் போல... வாங்க, ஜீப்புலயும் ஜோடியாவே உட்காரலாம்!"