உள்ளே விட்ட துணி

முந்தாநாள் அவள் பிரித்துவிட்ட தையல் இன்று மறுபடியும் போட்டிருந்தது.

வேறு சட்டையை எடுத்துவிட்டோம் என்றுதான் முதலில் நினைத்தாள். இல்லை, அதே சாம்பல் நிறச் சட்டைதான்; மகள் அலுவலகத்துக்குப் போட்டுக்கொண்டு போவதற்காக அவளே வெட்டி அவளே தைத்தது. முந்தாநாள் மகள் வேலைக்குப் போனபிறகு அக்குளிலிருந்து இடுப்பு வரை பக்கத் தையலை பிளேடால் கண் கண்ணாகப் பிரித்து, உள்ளே விட்டிருந்த துணியை வெளியே எடுத்து, விளிம்போரமாக மறுதையல் ஓட்டி, பழைய ஊசித்துளைகள் தெரியாமலிருக்க ஈரத்துணி விரித்து இஸ்திரியும் போட்டு மாட்டியிருந்தாள். இப்போது புரட்டிப் பார்த்தால் தையல் மீண்டும் உள்ளே ஏறியிருந்தது. பழைய இடத்தில்கூட இல்லை, அதையும் தாண்டி. கைத்தையல். முடிவில் நூலை வெட்டாமல் உள்பக்கம் இழுத்து முடிச்சுப் போட்டிருந்தது. அப்படி முடிச்சுப் போடுகிற தையல்காரி அவளுக்குத் தெரிந்து அவள் ஒருத்திதான்.

சட்டையை முகத்தருகே கொண்டுபோனாள். மகளின் வாசனை எப்போதும் சோப்பும் வெயிலும் கலந்தது. இதில் கனிந்து கெடப்போகிற பழத்தின் இனிப்பு வாடை இருந்தது. வீட்டில் பழம் எதுவும் இல்லை.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. மாலைதான் ஆகியிருந்தது என்றாலும் முன்னறை இருண்டுவிட்டது; மெஷின், துணிக் குவியல், கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்த வாடிக்கையாளர்களின் சட்டைகள், எல்லாம் கழுத்தில்லாத ஆட்கள்போல நின்றன. அவள் விளக்கைப் போடவில்லை. கொஞ்ச நாளாகவே வெளிச்சத்தில் தன் கைகளைப் பார்க்க அவளுக்குப் பிடிப்பதில்லை.

பல வருடங்களாகப் பெண்களுக்கு அளவெடுக்கிறாள். டேப்பை இடுப்பில் சுற்றினால் போதும், எந்தப் பெண்ணும் மூச்சை உள்ளே இழுத்துக்கொள்வாள். மகள் மட்டும் வேண்டுமென்றே வயிற்றை முன்னால் தள்ளிக்கொண்டு நிற்பாள். "தாராளமா எடும்மா. சட்டைக்குள்ள நான் மட்டுமா இருக்கேன், மத்தியானச் சாப்பாடும்ல இருக்கணும்." பிறந்தபோது உருண்டையாக இருந்ததால் அவளுக்குப் 'பந்து' என்று பெயர். வளர்ந்தபிறகும் அதற்குத்தான் திரும்பிப் பார்ப்பாள். அலுவலகத்துக்கு மாடிப்படி ஏறித்தான் போவாள். லிப்டில் ஏறிய ஒல்லியான தோழிகளை முந்திக்கொண்டு மேலே போய் நின்று சிரிப்பாள்.

போன வருடம் ஒரு காய்ச்சலுக்காக மகளை டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனபோது, "இவ எடையைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்க டாக்டர்" என்று அவளே வாயைத் திறந்து கேட்டாள். டாக்டரம்மா காகிதங்களைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"ரத்தம் நல்லா இருக்கு, இதயம் நல்லா இருக்கு, தூக்கம் நல்லா இருக்கு. உங்களுக்கு என்னம்மா பிரச்சினை?"

"பாக்கிறவங்க..."

"பாக்கிறவங்களை அடுத்த வாரம் கூட்டிட்டு வாங்க. அவங்களுக்கு மருந்து தர்றேன்."

மகள் சிரித்தாள். அவளும் சிரித்தாள். வீட்டுக்கு வந்தபிறகு அவளால் சிரிக்க முடியவில்லை. தன்னை யார் யார் எப்படியெல்லாம் பார்த்தார்கள் என்பது அவளுக்கு நினைவிருந்தது. அந்தப் பார்வை மகள்மேல் விழக்கூடாது. அதுதான் அக்கறை என்று நம்பினாள். சொன்னால் மகள் கேட்கமாட்டாள். ஆனால் கண்ணாடியை நம்பாத பெண்ணும் துணியை நம்புவாள் என்பது தையல்காரிக்குத் தெரியும். துவைத்துக் காய்ந்த சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து, பக்கத் தையலை ஒரு நூலளவு உள்ளே பிடித்தாள். பேண்ட் இடுப்பையும் பிடித்தாள். கொஞ்சம் விட்டு, இன்னும் ஒரு நூலளவு.

ஒருநாள் காலையில் மகள் பொத்தானோடு மல்லுக்கட்டிக்கொண்டு வந்து நின்றாள். "ஏம்மா, இந்தத் துணி துவைச்சா சுருங்குமா?"

அவள் தலையைத் தூக்கவில்லை. "துணி நல்ல துணிதான்."

அவ்வளவுதான் சொன்னாள். அதன்பிறகு மகள் காலைச் சாப்பாட்டை விட்டாள். பிறகு மதியம். பிறகு எதைத் தின்கிறாள் என்பதே தெரியாமல் போயிற்று. குளியலறைச் சல்லடையில் கொத்துக் கொத்தாக முடி. வெயில் நாளிலும் சில்லிட்ட கைகள். மாதவிலக்கு நின்றுபோனதைக்கூட மகள் சொல்லவில்லை. அலமாரியில் பிரிக்காமலே கிடந்த நாப்கின் பொட்டலத்தைப் பார்த்து அவளே புரிந்துகொண்டாள். படியேறும் மூச்சு இப்போது அடுத்த அறைவரை கேட்கிறது.

அப்போதுதான் பிரிக்க ஆரம்பித்தாள். சொல்லாமல் பிடித்ததைச் சொல்லாமலே பிரித்துவிட்டால் சரியாகிவிடும் என்று நினைத்தாள். சொல்லவேண்டும் என்று தினமும் வாயெடுப்பாள். சொன்னால் மகள் தட்டின் முன் வந்து உட்காரக்கூடும். சொன்னால் மகள் இனிமேல் அவளை அம்மா என்று கூப்பிடாமலும் போகக்கூடும். இரண்டாவதை நினைத்ததும் வாய் மூடிக்கொள்ளும். உலை கொதிக்கிறது, மழை வருகிறது என்று வேறு ஏதாவது சொல்லிவைப்பாள்.

இன்று மதியம் அளவு கொடுக்க வந்த பள்ளிக்கூட டீச்சர், வாசலில் மகளின் படத்தைப் பார்த்துவிட்டுப் போக மனமில்லாமல் நின்றார். "நேத்து உங்க பொண்ணை பஸ்ல பாத்தேன்க்கா. என்னமா இளைச்சிட்டா! சிலை மாதிரி இருக்கா. என்ன ரகசியம்னு எனக்கும் சொல்லக்கூடாதா? நானெல்லாம் தண்ணி குடிச்சாலே ரெண்டு சுத்து பெருத்துடறேன்."

"அவளா குறைச்சுக்கிட்டா" என்றாள். டேப் கையில் வழுக்கியது.

இப்போது சட்டையை மடியில் வைத்துக்கொண்டு இருட்டில் உட்கார்ந்திருந்தாள். தான்தான் தூக்கத்தில் எழுந்து தைக்கிறோமா? விரல் நுனிகளைத் தடவிப் பார்த்தாள். அவள் மகளோ ஊசியைத் தொட்டதே இல்லை. பொத்தான் விழுந்தால்கூடச் சட்டையோடு வந்து நீட்டுகிறவள். டேப்பை எடுத்து நெஞ்சுப் பகுதியை அளந்தாள். இருட்டில் எண் தெரியவில்லை. தெரியவேண்டியதும் இல்லை, கைக்கே தெரிந்தது. அது வளர்ந்த பெண்ணின் அளவு இல்லை. ஆனால் நேற்று மகள் இதைப் பொத்தான் போட்டுக்கொண்டுதான் போனாள்.

வெளிக்கதவு திறந்து மூடியது. நனைந்த குடையின் சொட்டு. மகள் முன்னறையைக் கடந்து, அம்மா அங்கே இருப்பதைப் பார்க்காததுபோலத் தன் அறைக்குள் போனாள். நடந்த சத்தமே இல்லை. இனிப்பு வாடை மட்டும் கொஞ்ச நேரம் அறையில் நின்றது.

மழை குறைந்தபோது அது கேட்டது.

மகளின் அறையிலிருந்து. மெல்லிய ஒரு 'டுக்', பிறகு நீளமான உரசல். மீண்டும் டுக். மீண்டும் உரசல். ஊசி நுழைகிறது, நூல் இழுபடுகிறது. தூக்கத்தில் கேட்டாலும் அவளுக்குப் புரியும் சத்தம் அது. ஆனால் இது பருத்தியின் சத்தம் இல்லை, பட்டின் சத்தமும் இல்லை. எப்போதோ ஒருவர் அறுந்த தோல்பை ஒன்றுக்கு வார் தைத்துத் தரச் சொன்னார். அன்று ஊசி இப்படித்தான் தயங்கித் தயங்கி நுழைந்தது.

எழுந்தாள். சட்டை தரையில் விழுந்தது. கதவுவரை சுவரைப் பிடித்துக்கொண்டே போனாள்.

"கண்ணு, கதவைத் திறடி."

"திறந்துதாம்மா இருக்கு."

உள்ளே விளக்கில்லை. ஜன்னல் வழியாகத் தெருவெளிச்சம் கட்டில்மேல் விழுந்திருந்தது. மகள் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள், தோளில் ஒரு துண்டு. துண்டுக்கு மேலே கழுத்தெலும்பு. வாசலில் நின்றபடியே அவள் பேசிவிட்டாள், இன்று பேசாவிட்டால் எப்போதும் இல்லை என்று.

"உன் சட்டை எல்லாத்தையும் நான்தான் பிடிச்சேன். நீ பெருக்கலடி. ஒருநாளும் பெருக்கல. நான்தான் உனக்குத் தெரியாம..."

கூரையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"தெரியும்மா."

"என்ன தெரியும்?"

"முதல் சட்டையிலயே தெரியும். உள்ள புரட்டிப் பாத்தேன். உன் முடிச்சு இருந்துச்சு."

"அப்பவே ஏன்டி கேக்கல?"

"கேட்டேனே. துணி நல்ல துணின்னு சொன்ன." குரலில் கோபம் இல்லை. அதுதான் தாங்கமுடியவில்லை. "யோசிச்சுப் பாத்தேன். எல்லாருக்கும் அளவு சரியா வைக்கிறவ நீ. எனக்கு மட்டும் தப்பா வைப்பியா? உனக்கு இந்த அளவுலதான் நான் வேணும்னு புரிஞ்சுது."

"இல்லடி. நான் பிரிச்சுட்டேன். எல்லாத்தையும் பிரிச்சுட்டேன்."

"பாத்தேன். சோதிக்கிறியோன்னு நினைச்சேன். அதான் நானே மறுபடி பிடிச்சேன். உன் கையைப் பாத்துப் பாத்துத்தான் கத்துக்கிட்டேன். நல்லா வந்திருக்கா?"

அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆனா சட்டையில இனிமே பிடிக்க இடமில்லம்மா."

மகள் வலது கையைத் தூக்கினாள். துண்டு நழுவியது.

அக்குளிலிருந்து இடுப்புவரை ஒரு மடிப்பு. தோலை உள்ளே மடித்து, ஓரம் சேர்த்து, சீராகப் போட்ட தையல். ரத்தம் இல்லை. வீக்கம் இல்லை. இஸ்திரி போட்ட துணிபோல வழவழப்பாக இருந்தது. இடுப்பருகே நூல் தொங்கியது. நூலின் முனையில் ஊசி மெதுவாக ஆடிக்கொண்டிருந்தது.

"இந்தப் பக்கம் ஆயிடுச்சு. இடது பக்கம் கை சரியா வரமாட்டேங்குது. நீ வாயேன்."

கத்த வேண்டும். ஓட வேண்டும். யாரையாவது கூப்பிட வேண்டும். ஒன்றும் நடக்கவில்லை. கால்கள்தான் நடந்தன.

கட்டிப்பிடித்து அழத்தான் கையை நீட்டினாள். அது நிச்சயம். குழந்தையை அள்ளுவதுபோல அள்ளி மடியில் போட்டுக்கொள்ளத்தான்.

மகளின் உடம்பு லேசாக அவள்மேல் சாய்ந்தது. குளிர். அந்த வாடை. மூக்கருகே மகளின் முடி.

பிறகு குனிந்து பார்த்தாள்.

அவளுடைய கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மகளின் இடது விலாவில் தோலைச் சேர்த்துப் பிடித்திருந்தன. சமமாக. சுருக்கமில்லாமல். ஊசி ஏற வசதியாக.