சின்னராசா மாமாவின் நெஞ்சுப் படம்

"ஐயோ! என்ர நெஞ்சைக் கழுவிப் போட்டியே பிள்ளை!"

சின்னராசா மாமா போட்ட சத்தத்தில் பாலையூற்று ஊரின் காகமெல்லாம் எழும்பிப் பறந்தன. பக்கத்து வீட்டு ஐவி கல்லாய்ச் சமைந்து நின்றாள். அவள் கையில் கண்ணாடிபோல ஒரு பிளாஸ்டிக் தாள். நேற்று வரை அது மாமாவின் எக்ஸ்ரே படம்!

பாவம், ஐவி விஞ்ஞானக் கண்காட்சிக்குப் புதுமை செய்யப் புறப்பட்டவள். கம்பியே இல்லாமல் வளையும் பிளாஸ்டிக்கில் மின்சாரம் ஓட வேண்டும். தேயிலைப் பெட்டிக்குள் இருக்கும் வெள்ளித்தாளை மெல்லிய நாடாவாக வெட்டி ஒட்டினால், அதுதான் மின்சாரத்துக்குப் பாதை. ஆனால் நல்ல பிளாஸ்டிக்குக்கு எங்கே போவது? மாமா வீட்டு அலுமாரிமேல் அந்தக் கறுப்புப் படம் கிடந்தது.

"மாமா, உங்கட படத்தை எடுக்கட்டோ?" என்று கேட்டுத்தான் எடுத்தாள். சவரம் செய்துகொண்டிருந்த மாமா திரும்பியும் பாராமல், "ஓம், ஓம், எடு" என்றாரே! இரவே அவள் கறுப்பெல்லாம் போகக் கழுவி, வெள்ளி நாடா இரண்டை ஒட்டியும் விட்டாள்.

"நான் கலண்டர்ப் படமெண்டெல்லோ நினைச்சனான்!" மாமா தலையில் கைவைத்தபடி படியில் குந்திவிட்டார். "இண்டைக்குப் பன்னிரண்டு மணிக்குள்ள அதைக் காட்டினால்தான் துறைமுகத்தில வேலை. ஒரு வருசமாக் காத்திருந்தனான், பிள்ளை."

அழுதால் மட்டும் படம் திரும்பி வருமா? ஐவி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சலவைச் சோடா கரைத்த தண்ணீரில் கழுவியபோது அவள் விரலால் பிடித்திருந்த மூலை மட்டும் இன்னும் கறுப்பாகவே இருந்தது. அதில் வெள்ளையாய் ஓர் இலக்கம்!

"மாமா, எழும்புங்கோ! ஆஸ்பத்திரிக்கு நானும் வாறன். கழுவினது நான், நானே சொல்லுறன்."

எக்ஸ்ரே அறையில் இருந்த இக்னேசியஸ் ஐயா தாளை வெளிச்சத்தில் பிடித்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பிடித்தார்.

"எலும்பு எங்க? நுரையீரல் எங்க?" அவர் வாய் பிளந்தபடியே நின்றது. "இதென்ன, நெஞ்சுக்குள்ள ரெண்டு வெள்ளிக் கோடு!"

"நான்தான் கழுவினனான், ஐயா. பிழை என்னில. மாமாவில ஒண்டுமில்லை." ஐவி தாளின் கறுத்த மூலையைத் தொட்டுக் காட்டினாள். "மூலையில இலக்கம் இருக்கு. உங்கட புத்தகத்தில ஒருக்காப் பாருங்கோ."

ஐயா பெரிய பதிவுப் புத்தகத்தைப் புரட்டினார். அந்த இலக்கம் இருந்தது. பக்கத்திலேயே டொக்டர் எழுதியதும் இருந்தது: நெஞ்சு சுகம். ஐயா அதைப் பார்த்து ஒரு கடிதம் எழுதி, முத்திரை குத்தி மாமாவிடம் நீட்டினார். மணி பத்தரைதான் ஆகியிருந்தது.

"அது சரி பிள்ளை, இந்தக் கோடு என்ன செய்யும்?"

ஐவி பையிலிருந்து பற்றரியையும் ரோச் லைட் பல்பையும் எடுத்துக் கோடுகளில் வைத்துப் பிடித்தாள். பல்ப் பளிச்சென்று எரிந்தது. தாளை வளைத்தாள். அம்மாடி, அப்போதும் எரிந்தது!

வாசல்வரை போன மாமா திரும்பி ஓடி வந்தார். ஐவியின் கையைப் பல்போடும் தாளோடும் இழுத்துத் தன் மார்பில் வைத்துக்கொண்டார்.

"காலமையில இருந்து என்ர நெஞ்சு எரியுது, ஐயா! இப்ப நீங்களே கண்ணாலை பாருங்கோ!"