உலைக்காரர்களின் குளியலறை

ஈய உலைக்கு நாங்கள் போய்ச் சேர்ந்த காலையில் மழை தூறிக்கொண்டிருந்தது. ருமேனியாவில் இப்படி மூடிக் கிடக்கும் ஆலைகள் எத்தனையோ பார்த்திருக்கிறேன். இங்கே ஒரு காக்கைகூட இல்லை. மூச்சை இழுத்தாலே நாக்கில் காசை வைத்தது போல ஒரு சுவை.

முற்றத்து மண்ணில் ஈயம் எவ்வளவு என்று அளப்பது என் வேலை. என்னோடு வந்த கோஸ்டின் இயந்திரத்தால் முழங்கால் ஆழத்துக்குத் தோண்டி லாரியில் ஏற்றுவான். பிறகு நல்ல மண்ணைக் கொட்டி மூடுவோம்.

வேலிக்கு அப்பால் ஒரு பெண் வந்து நின்றாள். பெயர் ஸம்ஃபிரா. இருபத்தாறு வருடம் இந்த உலையில் வெந்து செத்தவரின் மனைவி.

"இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?" என்றாள். "அவரு வயித்தப் பிடிச்சிக்கிட்டுச் சுருண்டப்ப எவனும் எட்டிப் பாக்கல. மண்ணுக்கு வைத்தியம் பாக்க மட்டும் வந்துட்டீங்க."

"எங்க மேல ஏன்க்கா கோவம்? நாங்க கூலிக்காரங்க," என்றான் கோஸ்டின்.

"எனக்கென்ன கோவம்? உள்ள இருக்கறவங்களுக்குத்தான்."

அவள் பார்வை தொழிலாளர்களின் பழைய குளியலறை மேல் இருந்தது.

கோஸ்டின் சிரித்தான். "இருந்தா வரச் சொல்லுங்க. ஆளுக்கொரு மண்வெட்டி தரேன்."

மூன்றாம் நாள் காலை, முந்தின மாலை கொட்டிய புது மண்ணை அளந்தேன். தோண்டுவதற்கு முன் இருந்த அதே அளவு ஈயம். வேறு கருவியை வைத்துப் பார்த்தேன். அதே எண். மறுபடி தோண்டினோம், மறுபடி கொட்டினோம். விடிந்தால் மண் சாம்பல் பூத்துக் கிடந்தது.

"குளியலறைப் பக்கமிருந்துதான் கசியுது. அத இடிச்சாத்தான் தீரும்," என்றான் கோஸ்டின்.

எட்டாம் நாள் நண்பகல், இடிப்பதற்கு முன் குழாய்களைப் பார்க்க அவன் உள்ளே போனான். நான் வாசலில் நின்றேன்.

தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது.

அங்கே தண்ணீர் நின்று இருபது வருடம் ஆகிறது.

பிறகு இருமல். ஒருவருடையது அல்ல. ஒரு ஷிஃப்ட் ஆட்கள் மொத்தமும் நெஞ்சைப் பிளந்துகொண்டு இருமுவது போல.

"கோஸ்டின்! வெளிய வாடா!"

கதவு என் முகத்துக்கு நேரே அறைந்து மூடிக்கொண்டது. தோளால் இடித்தேன். மரத்துக்கு அந்தப் பக்கம், என் காதை ஒட்டி, ஒரு கரகரத்த குரல்.

"எங்களையும் துடைச்சிடுவியா?"

நான் பின்வாங்கி விழுந்தேன். கதவு தானாகத் திறந்தது. தலை முதல் கால் வரை சொட்டச் சொட்ட நனைந்து கோஸ்டின் வந்தான். தோல் சாம்பல் நிறம்.

"தண்ணி நல்லா சூடா இருக்குடா ஒக்டாவ்," என்றான். சிரித்தபோது அவன் ஈறுகளில், ஈய நஞ்சு ஏறியவர்களுக்கு வரும் நீலக் கோடு ஓடியது. வண்டியில் ஏறி ஸ்டியரிங்கைப் பிடிக்கக் கை நீட்டினான். மணிக்கட்டு துணி போலத் தொங்கியது.

வண்டியை நான் ஓட்டினேன். வழி நெடுக அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு முனகினான். மாவட்ட மருத்துவமனையில் ரத்தம் எடுத்தார்கள்.

மருத்துவர் காகிதத்தோடு வந்தார். "எத்தனை வருஷமா உலையில வேலை பாத்தாரு?"

"உலையிலயா? மண் அள்ளத்தான் வந்தோம். எட்டு நாள் ஆச்சு டாக்டர்."

"விளையாடாதீங்க. எலும்பு வரைக்கும் ஈயம் ஏறியிருக்கு. முப்பது வருஷம் உலையில நின்னாத்தான் இப்படி ஆகும்."

அவன் இருந்த அறைக்கு ஓடினேன். தாதி கதவருகே எரிச்சலோடு நின்றிருந்தாள்.

"நீங்களும் அவங்களோட ஆளா? நோயாளியச் சுத்தி இத்தனை பேர் நிக்கக் கூடாதுன்னு ரெண்டு தடவ சொல்லிட்டேன். ஒருத்தரும் அசைய மாட்டேங்கறாங்க. தலையத் துவட்டிட்டாவது வரக் கூடாதா?"

கண்ணாடி வழியே பார்த்தேன்.

அறையில் யாருமில்லை. கோஸ்டின் மட்டும், யார் யாருக்கோ இடம் விட்டு நகர்ந்து நகர்ந்து, சுவரோடு ஒட்டிக் கிடந்தான்.