மூன்றாவது கூப்பாடு

மூன்றாம் நாள் மத்தியானமும் அரிசி குறையவில்லை.

ஐந்து கிலோ பை. உள்ளே இருப்பது வெளியே தெரிகிற பிளாஸ்டிக். முதல் நாள் சாயங்காலம் பால் டின்னால் மூன்று டின் அளந்து எடுத்த பிறகு, அரிசி நின்ற மட்டத்தில் ரூபேந்திரன் பேனாவால் ஒரு கோடு இழுத்திருந்தான். தலைவன் என்றால் எங்கேயாவது ஒரு கோடு போட்டுவிட வேண்டும் என்பது அவன் எண்ணம். அதற்குப் பிறகு இரண்டு வேளை சமைத்தாயிற்று. ஆறு டின் போயாயிற்று. அரிசி மட்டும் கோட்டை விட்டு நகரவில்லை.

குலுங்கியதில் தளர்ந்திருக்கும் என்று நினைத்தான். ஈரக் காற்றில் ஊதியிருக்கும். கோட்டையே தப்பாகப் போட்டிருப்பான். மூன்றும் ஒரே நேரத்தில் நடந்திருந்தால்கூட ஆறு டின் தேறாது.

அது கோயில் கல்யாண மண்டபத்தின் மாடியில் இருந்த மணமகள் அறை. இப்போது சாமான் அறை. ஜன்னல் கிடையாது, கதவைத் திறந்தால் மண்டபத்திலிருந்து வருகிற வெளிச்சம் ஆளுயரக் கண்ணாடியில் பட்டு, எந்தெந்தக் கல்யாணத்திலோ யார் யாரோ ஒட்டிவிட்டுப் போன ஸ்டிக்கர் பொட்டுகளை வரிசையாகக் காட்டும், அவை உடம்பில்லாத நெற்றிகளைப் போல அவனையே பார்க்கும். வாடிய மல்லிகையின் வாடை, தலையில் அடிக்கிற ஸ்பிரேயின் வாடை, அதற்கு மேல் வெள்ளத்தின் வாடை. தோட்டத்தில் மூழ்கிய அன்னாசியெல்லாம் அழுகிப் புளித்துக் கள்ளைப் போல மாடி வரைக்கும் ஏறியிருந்தது. எல்லாவற்றுக்கும் அடியில், பையின் வாயைத் திறக்கும்போது மட்டும், இன்னொரு வாடை. தலைவலித் தைலம்.

அதை முகர்வதில்லை என்று ஒருமனதாகத் தீர்மானித்தான். அவன் ஒருவன்தான் இருந்தான்.

"தலைவரே! அரிசி வருதா, இல்ல கூட்டம் போட்டு முடிவு பண்ணணுமா?" வெளியே வெள்ளையம்மா கத்தினாள். கோயிலுக்குப் பன்னிரண்டு வருஷமாகச் சமைப்பவள். கடவுளிடமும் இதே குரலில்தான் பேசுவாள்.

மூன்று டின் எடுத்துக்கொண்டு, அறையைப் பூட்டி, சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்தான். மாடியில் ஒன்பது பேர். பெக்கான் நானாஸ் ஊரிலிருந்து உள்ளே போகிற மண் சாலையில், பாரிட் வாய்க்கால் கரை உடைந்து, ஒரு மணி நேரத்தில் கீழ்த்தளம் முழுவதும் போய்விட்டது. பால் விடாத தே ஓ நிறத்தில் தண்ணீர், படிக்கட்டில் எட்டாம் படி வரை. கைப்பேசிகள் இரண்டாம் நாளே செத்துவிட்டன.

உலையில் அரிசி போடும் முன் அந்தக் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. பொறுப்பில் இருப்பவர் வாசலைப் பார்த்து மூன்று முறை கூப்பிட வேண்டும். பதில் வந்தால் இன்னொரு டின் சேர்க்க வேண்டும். வாசல் இப்போது தண்ணீருக்குள் இருந்ததால் ரூபேந்திரன் படிக்கட்டின் தலைப்பில் நின்றான்.

"பசிச்சவங்க யாராச்சும் இருக்கீங்களா?"

தண்ணீர் சளசளத்தது.

"பசிச்சவங்க யாராச்சும் இருக்கீங்களா?"

அதோடு நிறுத்திக்கொண்டு திரும்பினான்.

கீழே, படிக்கட்டுக் கம்பியில் கட்டியிருந்த தெப்பம் சுவரில் முட்டியது. இரண்டு நீல டிரம்மும் ஒரு பழைய கதவும் சேர்த்துக் கட்டிய தெப்பம். டொக். ஒரே ஒரு தடவை. மூன்றாவது கூப்பாடு வரவேண்டிய இடத்தில்.

"மூணாவது?" என்றார் கமலநாதன்.

"ரெண்டு போதும்ணே. சிக்கனம்."

"கூப்புடறதுல என்னப்பா சிக்கனம்? காத்துதானே போவுது?"

கமலநாதன் பத்தொன்பது வருஷமாகக் கோயில் செயலாளர். வெள்ளம் வந்தபோது கூட்டக் குறிப்பேடுகளையும் மைக் செட்டையும் காப்பாற்றிக்கொண்டிருந்தார். அந்தச் சமயத்தில், சனிக்கிழமைக் கல்யாணத்தில் மைக் பிடித்து நிகழ்ச்சி நடத்தத் தம்போயிலிருந்து வந்திருந்த ரூபேந்திரன் பிள்ளைகளைத் தூக்கி மாடியேற்றினான். "நீயே பாத்துக்க தம்பி" என்றார்கள். வேடிக்கையாகக் கை தூக்கச் சொன்னான். எட்டுப் பேரில் ஏழு பேர் தூக்கினார்கள். கமலநாதனின் இரண்டு கையிலும் குறிப்பேடு இருந்தது.

தேன்மொழி தன் இரண்டு பிள்ளைகளுக்கும் ஊட்டிவிட்டு அவன் பக்கம் திரும்பினாள். "நீ மட்டும் அந்த அரிசிய கொண்டாரலைன்னா... நீ நல்லா இருப்பே தம்பி."

அவன் வாயில் இருந்த சோறு சேற்றைப் போல இருந்தது. மென்றான். விழுங்கினான். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள் அல்லவா.

அந்த அரிசி ஐயாசாமித் தாத்தாவின் அரிசி.

அன்னாசித் தொழிற்சாலையில் காவல்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். மண்டபத்துக்குப் பின்னால், பாரிட் ஓரத்தில் தனி வீடு. அன்னதானம் என்றால் முதல் ஆளாக வந்து வாசலில் நிற்பார். ஆனால் முதல் கூப்பாட்டுக்கு வாய் திறக்க மாட்டார், இரண்டாவதுக்கும் மாட்டார். மூன்றாவதுக்குத்தான், ஏதோ காட்டுக்குள்ளிருந்து வருகிறவர் போல, "இருக்கேன்யா, இருக்கேன்" என்பார். கூட்டம் சிரிக்கும். வெள்ளையம்மா திட்டிக்கொண்டே இன்னொரு டின் அளப்பாள். "தலை தட்டி அள, வழிச்சு விடு" என்று தாத்தா தன் கட்டை விரலைக் காட்டுவார்.

முதல் நாள் மத்தியானம் ரூபேந்திரன் தெப்பத்தில் போனபோது தாத்தா கூரைத் தகரத்தின்மேல் உட்கார்ந்திருந்தார், மடியில் குழந்தையைப் போல அரிசிப் பை. நெற்றி முழுக்கத் தைலம். அவனைப் பார்த்ததும் பையை நீட்டினார்.

"முதல்ல இத வாங்கிக்க, தம்பி. அப்புறமா நான் எறங்குறேன்."

வாங்கினான். தெப்பம் ஒரு பக்கம் சாய்ந்தது. அவனுக்கு நீச்சல் தெரியாது.

"இத போட்டுட்டு உடனே வர்றேன் தாத்தா."

"வா, வா. நான் எங்க போயிறப் போறேன்?"

மண்டபத்துக்குத் திரும்பியதும் பையைப் பார்த்துப் பிள்ளைகள் கை தட்டின. ஒன்பது பேர், பதினாறு டின். பத்துப் பேர், பதினாறு டின். தாத்தா இரண்டு ஆள் சாப்பாடு சாப்பிடுவார். இதெல்லாம் மனதில் ஓடி முடிப்பதற்குள் கமலநாதன், "ஐயாசாமி எங்கப்பா?" என்று கேட்டார். ரூபேந்திரனின் வாய் தானாகத் திறந்தது.

"பொம்பா போட் வந்து ஏத்திட்டுப் போயிருச்சாம்ணே. அரிசி மட்டும் இருந்துச்சு." தீயணைப்புப் படகு எதுவும் அந்தப் பக்கம் வரவே இல்லை.

பயத்தில் சொன்னேன் என்று பின்னர் தனக்குச் சொல்லிக்கொண்டான். பயம் இருந்தது, பொய்யில்லை. ஆனால் அது கணக்குக்குப் பிறகு, இரண்டாவதாகத்தான் வந்தது.

மாடியின் பின்பக்க ஜன்னலிலிருந்து பார்த்தால் தகரக் கூரை தெரியும். சாயங்காலம் வரைக்கும் தெரிந்தது. வெளிச்சம் மங்குகிற வரைக்கும் அந்த ஜன்னல் பக்கம் யாரும் போகாதபடி அவன் அதன் முன்னால் நின்று ஜோக் சொல்லிக்கொண்டிருந்தான். எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்புக்கு நடுவே எங்கேயோ ஒரு குரல் கேட்டது. அவன் இன்னும் சத்தமாகச் சொன்னான்.

மறுநாள் காலை கூரை இல்லை.

நான்காம் நாள் மத்தியானம் அறையைத் திறந்ததும் தைல வாடை முகத்தில் அறைந்தது. பை அதே இடத்தில். அரிசி அதே கோட்டில். காலி டின்னை நேற்று அவன் தரையில் கவிழ்த்து வைத்திருந்தான்.

டின் இப்போது பைக்குள் நின்றது. நேராக. நிறைய அரிசியுடன். மேல்பக்கம் மட்டமாக வழிக்கப்பட்டிருந்தது, ஓரத்தில் ஒரு கட்டை விரல் அகலத்துக்கு ஈரத் தடம்.

அந்த டின்னைத்தான் எடுத்தான். வேறு டின் இல்லை. மற்ற இரண்டு டின்னையும் விரல் அரிசியில் படாமல் அளந்தான்.

சாப்பிட்டு முடித்ததும் கமலநாதன் எழுந்து நின்றார். கூட்டக் குறிப்பேட்டைக் கையில் பிடித்திருந்தார். அது இல்லாமல் அவருக்குப் பேச வராது.

"அஞ்சு கிலோவுல பதினாறு டின் வரும். வெள்ளையம்மாவ கேளுங்க. இதோட ஆறு வேள சமைச்சாச்சு, பதினெட்டு டின். ஆனா அரிசி இன்னும் இருக்காம். எப்படி? தம்பி வேற எங்கயோ மூட்டைய ஒளிச்சு வச்சுருக்காரு."

"இல்லண்ணே."

"அப்ப சாவியக் குடு. பாப்போம்."

"வேண்டாம்ணே."

"பாத்தீங்களா?"

"தம்பி, அரிசி இருந்தா கூட ரெண்டு டின் போடலாம்லப்பா," என்றாள் தேன்மொழி. இப்போது அவள் குரலில் நேற்றைய ஆசீர்வாதம் இல்லை. "ராத்திரி பூரா ரெண்டும் பசி பசின்னு அழுவுதுங்க. பூட்டி வச்சு என்னத்துக்கு?"

அவன் என்ன சொல்வான்? அரிசி தீராது அக்கா, எத்தனை டின் வேண்டுமானாலும் அள்ளலாம், பத்தாவது ஆளுக்கும் தாராளமாகப் போதும், கை விட எனக்குத்தான் பயம் என்றா?

"ரேஷன்னா ரேஷன்தான்," என்றான். ஓர் அமைச்சர் பேசுவதைப் போலவே இருந்தது.

சாயங்காலம் மறுபடியும் கை தூக்கல் நடந்தது. எட்டுக்கு ஒன்று. அந்த ஒன்றும் அவன் கைதான். தலைவர் கமலநாதன். தீர்மானம் ஒன்று: இன்று ஐந்து டின். தீர்மானம் இரண்டு: வழக்கப்படி மூன்று கூப்பாடு.

"அண்ணே, கூப்புடாதீங்க," என்றான் ரூபேந்திரன். "அரிசி வேணா அஞ்சு டின் எடுங்க. பத்து எடுங்க. மூணாவது மட்டும் வேணாம்ணே."

"ஏன்?"

சொல்லிவிடலாம். மூன்றே வார்த்தை. தாத்தாவை நான் விட்டுட்டேன். வாய்வரை வந்தது. தேன்மொழியின் மகள் வாயில் விரல் வைத்தபடி அவனையே பார்த்தாள்.

"சும்மாதான்," என்றான்.

"சரிலா, போ. போயி அள. நான் போனா, நான் திருடுனேன்னு சொல்லுவ." கமலநாதன் பெரிய மனதோடு சிரித்தார். "கூப்பாடு என் வேல."

மணமகள் அறைக்குள் பாதி இருட்டு. கண்ணாடியில் பொட்டுகள். பையின் முன்னால் முழங்காலிட்டான். பிளாஸ்டிக்கின் உள்பக்கம் பனித்திருந்தது, உள்ளே யாரோ மூச்சு விட்டதைப் போல. டின்னைத் தேடினான். தரையில் இல்லை. பையின் மேற்பரப்பிலும் இல்லை. அரிசி வழுவழுவென்று, கோட்டோடு கோடாக, யாரும் தொடாததைப் போல.

டின் உள்ளே எங்கேயோ.

வெளியே படிக்கட்டின் தலைப்பில் கமலநாதன் தொண்டையைச் செருமினார். மைக் இல்லாத குறை தெரியாத குரல்.

"பசிச்சவங்க யாராச்சும் இருக்கீங்களா?"

டொக்.

தெப்பம். ரூபேந்திரன் கையை அரிசிக்குள் விட்டான். குளிர். மணிக்கட்டு வரை. ஈரம். டின் தட்டுப்படவில்லை. இவ்வளவு சின்னப் பைக்குள் இவ்வளவு ஆழம் எப்படி?

"பசிச்சவங்க யாராச்சும் இருக்கீங்களா?"

டொக்.

முழங்கை வரை. சீக்கிரம். எடுத்துவிட்டால் போதும். வெளியே ஓடிவிடலாம். விரல் நுனியில் தகரம். டின்னின் விளிம்பு. பிடித்தான். இழுத்தான்.

வரவில்லை.

மறுபக்கம் யாரோ பிடித்திருந்தார்கள்.

கையை உதறிப் பின்னால் விழுந்தான். முதுகு கண்ணாடியில் மோதியது. கத்த வேண்டும். அண்ணே, நிறுத்துங்க. குரல் வரவில்லை. அன்றைக்கு அவ்வளவு சத்தமாக ஜோக் சொன்ன குரல்.

"பசிச்சவங்க யாராச்சும் இருக்கீங்களா?"

தெப்பம் முட்டவில்லை.

தண்ணீரும் சளசளக்கவில்லை. வெளியே எட்டுப் பேரும் படிக்கட்டுப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பதில் அந்தப் பக்கத்திலிருந்து வரவில்லை.

"இருக்கேன்யா, இருக்கேன்."

அவன் காலடியிலிருந்து.

வெளியே சிரிப்பு. பழகிய சிரிப்பு, அன்னதானச் சிரிப்பு.

"அலமாக், தாத்தாவா! எப்ப வந்தீங்க? எங்க ஒளிஞ்சிருந்தீங்க?" வெள்ளையம்மாவின் குரல். "தம்பி, கேட்டுச்சா? இன்னொரு டின் சேத்து அள!"

அரிசி கோட்டுக்கு மேலே எழும்பியது. மெதுவாக. நடுவில் பிளந்தது. மணிகள் தரையில் உருண்டன.

விரல்கள். மூன்று நாள் தண்ணீரில் ஊறி வெளுத்துச் சுருங்கிய விரல்கள். நகக் கண்ணில் சேறு. அவற்றுக்கு நடுவே பால் டின், நிறைய அரிசி. கட்டை விரல் விளிம்பின்மேல் நிதானமாக நகர்ந்து, தலை தட்டி, வழித்துவிட்டது.

தைல வாடை.

கை அவனை நோக்கி நீண்டது.

"முதல்ல இத வாங்கிக்க, தம்பி."

பையின் விளிம்பில், இன்னொரு கை.