தொண்டர் சட்டையில் சிவந்த எழுத்து

சனிக்கிழமை, மாலை 6.40.

அம்மனின் வெள்ளிக் கிரீடம் இருக்க வேண்டிய பலகையில் பட்டுத்துணி மட்டும் கிடந்தது.

ஜெராம் பக்கத்துச் செம்பனை எண்ணெய்த் தோட்டக் கோயிலில் திருவிழா. அபிஷேகம் முடிந்து திரை போட்டிருந்தார்கள். கிரீடம் எடுக்க அலங்கார அறைக்குள் போன குருக்கள் வெறுங்கையோடு வந்து தூணைப் பிடித்துக்கொண்டார். வெளியே மேளம் நிற்கவில்லை. அன்று அம்மன் பூமுடியோடுதான் ஊர்வலம் போனாள்.

பார்த்தவள் பூக்கட்டும் தாயம்மா ஒருத்திதான். “அந்த ரூம்லேருந்து ஒரு ஆளு போனான். முகம் தெரியல. சிவப்புச் சட்டை, முதுகுல தொண்டர்னு எழுத்து” என்றாள்.

தொண்டர்கள் எல்லாரும் அந்தச் சட்டையோடு வந்து நின்றார்கள். ஒருவனிடம் மட்டும் இல்லை. பள்ளி வேன் ஓட்டும் சேது பழைய கட்டம்போட்ட சட்டையில் நின்றான்.

ஞாயிறு, காலை 10.00.

போலீஸ் சார்ஜன் மங்கையற்கரசி இரவு முழுக்கச் சாலைத் தடுப்பில் நின்றுவிட்டு நேராக வந்திருந்தார். கண் எரிந்தது. பூட்ஸைக் கழற்றியதும் குளிர்ந்த சிமெண்டுத் தரை காலுக்கு இதமாக இருந்தது. ஒரு நிமிஷம் அம்மனைப் பார்த்துக் கைகூப்பினார். கேட்க ஒன்றும் தோன்றவில்லை.

அவர் வேலையாக வரவில்லை. கோயில் தலைவர் பாலகிருஷ்ணன் கூப்பிட்டதால் வந்தார்.

“சாயந்திரம் போலீஸ்ல ரிப்போட் கொடுக்கப் போறோம் மா. சேது பேரை எழுதித்தான்.”

“பார்த்தீங்களாண்ணே?”

“சட்டை கிடைச்சிருச்சே. அவன் சட்டைதான், வேற யாரோடது?” பாலகிருஷ்ணன் கம்பிவேலியைக் காட்டினார்.

விடிந்ததும் சமையல்கட்டுக்குப் பின்னால், தண்ணீர் ஓடும் கால்வாயில் அது கிடைத்ததாம். குச்சியால் தூக்கி வேலியில் போட்டிருந்தார்கள். யாரும் கையால் தொடவில்லை.

பக்கத்தில் நின்ற செயலாளர் தயாளன் மெல்லச் சொன்னார். “எழுத்துல பாருங்க, குங்குமம் ஏறியிருக்கு. அலங்கார ரூம்ல பட்டதா இருக்கும்.”

எழுத்து முதுகில் மட்டும்தான். வெள்ளையாக இருக்க வேண்டியது ரோஜா நிறத்தில் இருந்தது. மங்கையற்கரசி கைக்குட்டையை நனைத்து அழுத்தித் துடைத்தார். கைக்குட்டையில் ஒன்றும் ஒட்டவில்லை. எழுத்தின் ஓரத்திலும் நடுவிலும் நிறம் ஒரே சீராக இருந்தது. சட்டை காய்ந்து மொடமொடவென்றிருந்தது.

விடிந்த நேரத்தில் தொண்டர்கள் துவைத்துப் போட்ட சட்டைகள் பக்கத்துக் கொடியில் தொங்கின. ஒன்றைத் தொட்டார். கை நனைந்தது.

சேது மரத்தடியில் உட்கார்ந்திருந்தான். முந்தின நாளிலிருந்து சாப்பிட்டவனாகத் தெரியவில்லை.

“சட்டை எங்கப்பா?”

“கொடுத்துட்டேன்கா.”

“யாருக்கு?”

“ஜெனரேட்டர் கொண்டாந்த லோரிப் பையனுக்கு. பங்களாதேஷ் ஆளு. மேலெல்லாம் டீசல். என் சட்டையக் கழட்டிக் கொடுத்தேன். லோரி ரவாங் பக்கம் போயிருச்சு.”

“பேரு?”

“நாறிப்போய் நிக்கிறவன்கிட்ட பேரு கேட்டுட்டுத்தான் சட்டை கொடுப்பாங்களா?”

மங்கையற்கரசிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

“உனக்கு இப்ப என்ன கஷ்டம், சொல்லு.”

“ராத்திரியே நாலு வீட்ல போன் பண்ணிட்டாங்க. நாளைக்குப் பிள்ளைங்கள அனுப்ப மாட்டாங்களாம். திருடன் வேன்ல யாருக்கா ஏத்துவாங்க? வேன் நின்னா வீடு நின்னுரும்.” அவன் தரையைப் பார்த்தான். “ரிப்போட்ல பேரு வந்துட்டா அப்புறம் நான் நல்லவன்னு தெரிஞ்சு என்ன செய்ய?”

காலை 11.30.

கோலசிலாங்கூர் டவுனில் உஷாராணியின் அச்சுக்கடை. மேசைமேல் அரை பொட்டலம் நாசி லெமாக் சோறு ஆறிக்கிடந்தது.

“உட்காருங்கக்கா. பார்த்தா நீங்க தூங்கிக்கிட்டே வண்டி ஓட்டிருப்பீங்க போல.”

“கண்ணைத் திறந்துதான் ஓட்டினேன். கோயில் சட்டையை எப்படி அடிச்சே?”

“ஸ்கிரீன் பிரிண்ட். காட்டன் துணி. நிறைய சட்டை, ஒரே நிறம்னா அதுதான் சரி. எழுத்துக்கு ஒரு தடவை வலைச் சட்டம் செஞ்சிட்டா மையை இழுத்துக்கிட்டே போகலாம். ஒண்ணு ரெண்டு பீஸ்னா கட்டுப்படியாகாது. அப்போ பிலிம்ல எழுத்தை வெட்டி சூடான ஹீட் பிரஸ் மெஷின்ல அமுக்கிருவோம்.”

“கோயில்ல சட்டுனு காட்டனுக்குச் சரி சொல்லிட்டாங்களா?”

“எங்கே! தலைவர் அங்கிளுக்கு விளையாட்டுச் சட்டை ஜெர்சித் துணிமேலதான் ஆசை. பளபளனு இருக்கு, சீக்கிரம் காயுதுனு. அதனால சிவப்பு ஜெர்சியில ஒரே ஒரு மாதிரிச் சட்டை செஞ்சு கொடுத்தேன், ஹீட் பிரஸ்ல. கொண்டுபோய்க் கமிட்டியில காட்டட்டும்னு. மறுநாள் எனக்கே மனசு கேக்கல. தலைவருக்குப் போன் போட்டேன். அங்கிள், ஜெர்சி வேண்டாம். சிவப்பு ஜெர்சிக்குச் சூடு ஆகாது. துணியில இருக்கிற சாயம் வெள்ளை எழுத்துக்குள்ள ஏறும். இன்னைக்குப் பாலாட்டம் இருக்கும், நாலஞ்சு நாள்ல ரோஸ் ஆயிரும்னேன்.”

மங்கையற்கரசி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“தலைவர் என்ன சொன்னார்?”

“அம்மன் திருவிழால மானம் போயிரும், காட்டனே போடும்மானுட்டார்.”

“மாதிரிச் சட்டையை எடுத்துக்கிட்டுப் போனது யாரு?”

“ரெண்டு பேரும் சேர்ந்துதான் வந்தாங்க, தலைவரும் தயாளன் அங்கிளும். பையை மேசையில வச்சேன். அந்நேரம் வேற கஸ்டமர். யார் கையில போச்சுனு சத்தியமா தெரியலக்கா.”

“அது போதும்.”

“அந்த நாசி லெமாக்கைச் சாப்பிட்டுப் போங்க. நான் ஒரு பக்கம்தான் கை வச்சேன்.”

மங்கையற்கரசி சாப்பிட்டார். அவ்வளவு பசி இருந்தது அவருக்கே அப்போதுதான் தெரிந்தது.

பிற்பகல் 2.00.

கோயில் மண்டபத்தில் நான்கு பேர்தான். பாலகிருஷ்ணன், தயாளன், சேது, சார்ஜன்.

“இது சேது சட்டை இல்ல” என்றார் மங்கையற்கரசி. “தொண்டர் சட்டையே இல்ல. தொண்டர் சட்டை காட்டன். காலையில துவைச்சது பத்து மணிக்கும் ஈரம். இது கால்வாய்லேருந்து எடுத்தது, மொடமொடனு காய்ஞ்சிருச்சு. இது ஜெர்சி. எழுத்துல இருக்கிறது குங்குமமும் இல்ல. ராத்திரி முழுக்க ஓடுற தண்ணியில கிடந்த குங்குமம் நிக்குமா? துணியோட சாயம்தான் எழுத்துல ஏறியிருக்கு. சிவப்பு ஜெர்சியில உஷாராணி செஞ்சது ஒரே சட்டை. கமிட்டிக்குக் கொடுத்த மாதிரி.”

பாலகிருஷ்ணன் எழுந்தேவிட்டார். “அப்ப என்னைச் சொல்றியா மா?”

“உட்காருங்கண்ணே. உங்களுக்கு உஷா போன் பண்ணினா. இந்த எழுத்து நிறம் மாறும்னு உங்களுக்குத் தெரியும். கூட்டத்துல தொண்டனா கலக்க நினைக்கிறவர், காட்டிக்கொடுக்கும்னு தெரிஞ்ச சட்டையவா போடுவார்? வெள்ளையா வாங்கினது வெள்ளையாவே இருக்கும்னு நம்பினவர்தான் போட்டிருக்கார். எழுத்து முதுகுல. அவசரத்துல மாட்டினவருக்கு அது தெரியல. இன்னைக்குக் காலையில வேலியில பார்த்தப்பதான் தெரிஞ்சிருக்கு. உடனே குங்குமம்னு ஒரு காரணம் சொல்லிட்டார்.” குரலைத் தாழ்த்தினார். “அந்தச் சட்டை உங்க கார்லதானே இருந்துச்சு, தயாளன் அண்ணே?”

தயாளன் தலையாட்டினார். மறுக்கத் தெம்பில்லாதவர் போல உட்கார்ந்தார்.

“கிரீடம் வீட்ல இருக்கு. சாமி மேடையில, எங்கப்பா படத்துக்குக் கீழ.”

“ஏன்யா?” பாலகிருஷ்ணன் அவர் பக்கம் திரும்பினார்.

“திருவிழா முடிஞ்சதும் உருக்கிப் பெரிசா செய்யணும்னு கமிட்டி முடிவு பண்ணுச்சே. அது அப்பா செஞ்சு வச்சது. தோட்டத்து ஆளுங்களுக்கு மண்டோரா இருந்தப்ப தொழிலாளிங்க லயம் லயமா நடந்து, வீட்டுக்கு ஒரு துளி வெள்ளி கேட்டு வாங்கிச் செஞ்சது. கொலுசு கழட்டிக் கொடுத்தவங்க இருக்காங்க. கூட்டத்துல நான் சொன்னேன். பேசிக்கலாம்னு சொல்லி அடுத்த விஷயத்துக்குப் போயிட்டீங்க.”

“நீ மெதுவா சொன்னே, தயாளா. எனக்குக் காதுல விழல.” பாலகிருஷ்ணன் தலையைத் தடவிக்கொண்டார். “விழுந்திருந்தாலும் கேட்டிருப்பேனா தெரியல.”



“அண்ணே” என்றார் மங்கையற்கரசி, “நீங்க கிரீடத்தை எடுத்ததைக்கூட அம்மன் புரிஞ்சுக்குவா. நேத்திலேருந்து இந்தப் பையன் சாப்பிடல. அதைப் பார்த்துக்கிட்டே பக்கத்துல நின்னீங்களே, அதுதான் எனக்குத் தாங்கல.”

தயாளன் சேதுவைப் பார்க்க முயன்றார். முடியவில்லை. “உன் பேரு வரும்னு நினைக்கல தம்பி. வந்தப்புறம் வாய் திறக்கல.”

சேது எழுந்து தூண் பக்கம் போய் நின்றான்.

“கிரீடம் திரும்பட்டும். ரிப்போட் கொடுக்கிறதா வேண்டாமான்னு நீங்க கூடி முடிவு பண்ணுங்க” என்று சார்ஜன் எழுந்தார். முழங்கால் வலித்தது. “கிரீடத்தைக் கண்டுபிடிச்சாச்சு. நாளைக்கு அந்த வேன்ல பிள்ளைங்க ஏறணும். அது என்னால ஆகாது, உங்களாலதான் ஆகும்.”

திங்கள், காலை 6.15.

தோட்டத்து முச்சந்தியில் சேதுவின் வேன் நின்றது. உள்ளே ஒரு பிள்ளையும் இல்லை. சாலையோரம் தாய்மார்கள் நின்றார்கள். மோட்டார் சைக்கிள்களில் அப்பாமார் காத்திருந்தார்கள். செய்தி பாதிப் பேருக்குத்தான் போயிருந்தது. அந்தப் பாதியிலும் பாதிப் பேர் நம்பவில்லை.

தயாளன் நடந்து வந்தார். மகள் தயானியின் கையைப் பிடித்திருந்தார். தினமும் காரில் போகும் பெண் அவள்.

வேனின் முன் வந்ததும் நின்றார். கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். அன்று அவர் மெதுவாகப் பேசவில்லை.

“கிரீடத்தை எடுத்தது நான். சேது இல்ல. எம்மவ இனிமே இந்த வேன்லதான் போவா, சேது ஏத்திக்கிட்டா.”

 சேது ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தான். பிறகு பக்கத்து இருக்கையில் இருந்த தன் சாப்பாட்டுப் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். தயானி ஏறி உட்கார்ந்தாள்.

“பெல்ட் போட்டுக்கம்மா” என்றான்.

ஒரு தாய் தன் பிள்ளையோடு சாலையைக் கடந்து வந்து, வேனின் பின்கதவைத் திறந்தாள்.