வாசல் வழியே போனவள்

ஆறு மாதமாகப் பூட்டிக் கிடந்த வீட்டில் சமையற்கட்டுத் தரை ஈரமாக இருந்தது. ஓடு ஒழுகிய ஈரம் இல்லை, ஜெயமணி அண்ணாந்து பார்த்துவிட்டாள். சாணி மெழுகிய ஈரம். மூலைவரை கை ஓட்டி, அரைவட்டம் அரைவட்டமாக யாரோ மெழுகியிருந்தார்கள். மழை விடாமல் பெய்த அந்தப் பிற்பகலில் சாணி வாசமும் அதற்கு அடியில் லேசாக ஊதுவத்தி வாசமும் வந்தன.

யாராவது வந்து போகிறார்கள் போலிருக்கிறது. போகட்டும். இனி இது அவள் வீடு.

விருத்தாம்பாள் அத்தை உயிரோடு இருந்தவரை இவளுக்கு ஒரு முழம் பூ வாங்கித் தந்ததில்லை. அப்பாவோடு பேச்சு அறுந்தவள், பாகூர்க் கடைத்தெருவில் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். பிள்ளையில்லாத அந்த மகராசி வீட்டை ஜெயமணி பேருக்கு எழுதிவைத்துவிட்டுச் செத்தாள் என்றதும் ஊரே வாயைப் பிளந்தது. அண்ணன் கனகராஜுக்கு வயிறு எரிந்தது. அவன் வீட்டில் சம்பளமில்லாமல் பாத்திரம் தேய்க்கிற பத்தொன்பது வயசுக் கழுதைக்கு ஒரு வீடா? விற்றுக் கொடு, கலியாணம் பண்ணிவைக்கிறேன் என்றான். அவன் பண்ணிவைக்கிற லட்சணம் அவளுக்குத் தெரியாதா? திரும்பிப் போனால் மாட்டுக்கொட்டகையை ஒட்டிய அறையும் அண்ணியின் ஏச்சும்தான், சாகிறவரை.

பக்கத்து வீட்டு அம்சவள்ளி தலையில் கோணியைப் போட்டுக்கொண்டு வந்தாள். வாசற்படியைத் தாண்டவில்லை.

"செத்த வூட்ட ஆறு மாசம் பூட்டி வைக்கிற அடைப்பு முடிஞ்சிதுன்னு இங்க படுத்துடாத, ஜெயா."

"ஏங்க்கா?"

"உங்கத்த செத்தது அவிட்டத்துல. அந்த நட்சத்திரத்துல செத்தா சுவத்த இடிச்சி அந்த வழியா தூக்கினு போயிட்டு, அப்பறம் அடைச்சிப் பூசிடணும். வாசல் வழியா போனா, அதே வழியில திரும்பி வந்துடும். இடிச்சா வூட்டு வெல கொறையும்னு உங்கண்ணன் கேக்கவே இல்ல. வாசல் வழியாவே தூக்கினு பூட்டான்."

பிணம் ஆறுவதற்குள் விலை பேசியிருக்கிறான், பாவி.

"நா எங்கக்கா போவேன்?"

அம்சவள்ளி கோணியை இழுத்துவிட்டுக்கொண்டு மழையில் இறங்கிப் போய்விட்டாள்.

விளக்கு வைக்கும் நேரம். கரண்ட் இல்லை. ஏரிப்பக்கம் தவளைகள் ஓயாமல் கத்திக்கொண்டிருந்தன, ஓட்டு விளிம்பில் மழை சொட்டிக்கொண்டிருந்தது. நடுவில் பின்கட்டிலிருந்து இன்னொரு சத்தம். தொப். யாரோ நடக்கிற மாதிரி, ஆனால் ஒரு கால் மாற்றி ஒரு கால் இல்லை. இரண்டு காலும் சேர்ந்தே தரையில் விழுந்தன. தொப். கொஞ்சம் நின்று, மறுபடி தொப்.

ஜெயமணி முன்கதவுக்கு ஓடினாள். வெறுமனே சாத்தியிருந்த கதவைத் திறக்கக் கை வைத்தாள்.

"கதவத் தொறடி." வெளியே கனகராஜ். கதவிடுக்கில் சாராய நெடி. "கையெழுத்துப் போட்டுட்டு வூட்டுக்கு வா. இல்ல, மயிரப் புடிச்சி இழுத்தாருவேன்."

அவன் தோள் கொடுத்து மோதினான். பலகை ஆடியது.

பின்னால், தொப். கூடத்திலேயே.

திறந்தால் தப்பிக்கலாம். திறந்தால் அந்த அறை. அந்த ஏச்சு. அந்த ஆயுசு.

அவள் தோளைக் கதவில் முட்டுக்கொடுத்து, உள்ளிருந்து பூட்டத் தாழ்ப்பாளைத் தள்ளினாள். துருப்பிடித்திருந்தது. நகரவில்லை. அழுதுகொண்டே தள்ளினாள்.

ஊதுவத்தி வாசம். கழுத்தருகே.

அவள் கைமேல் இரண்டு கைகள் வந்து படிந்தன. சில்லென்று. பிணத்துக்குக் கட்டுவதுபோல் கட்டைவிரல் இரண்டும் வெள்ளைத் துணியால் சேர்த்துக் கட்டப்பட்டிருந்தன. அவளோடு சேர்ந்து அவை தாழ்ப்பாளைத் தள்ளின. மெதுவாக. கடைசிவரை.